மறுகா

கல்முனை. பாண்டிருப்பு. மருதமுனை.
பெரியநீலாவணை.
"மறுகா?" என்று கேட்கிறேன்.
பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு.
"மறுகா?"
பாலம் வரைக்கும் வந்துவிட்டு
நாடியைத் தடவுகிறார்.
இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய ரோட்டில்
இன்றைக்கு ஓந்தாச்சிமடம் இல்லை.

போன ஆனியில், செட்டிபாளையத்தில்,
இடது கை கியருக்குப் போகவில்லை.
எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறார்.
"அண்ணன்ட வாய் ஒரு பக்கமாப் போகுது" என்று
கத்திக்கொண்டு சப்ரிதான்
ஆட்டோவில் தூக்கிப் போட்டான்.
நேரத்துக்கு வந்தீங்க என்றார்கள்
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்.
பதினோராம் நாள்
அந்தக் கை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தது.
களுதாவளைப் பிள்ளையாருக்கு மோதகம் அவித்தேன்.
கை வந்தால் ஆள் வந்த மாதிரி என்று
நானும் நினைத்தேன்,
நான், ஒரு தாதி.

மாசியில் ஒரு பகல்
களுவாஞ்சிகுடிச் சந்தியில்
எந்தப் பக்கம் நின்றால் மட்டக்களப்பு பஸ் வரும் என்று தெரியாமல்
வெயிலுக்குள் நின்றிருக்கிறார்.
அவரைத் தெரிந்த மூன்று பஸ்கள்
ஹோன் அடித்துக் கும்பிட்டுப் போயின.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
பெரியது ஒன்று: அது செட்டிபாளையம்.
பிறகு பேனை முனையால்
இது, இது, இந்தா இதுவும் என்றார்.
"இதெல்லாம் எப்ப வந்த?"
"வந்தது தெரியாமலே வந்திருக்கும்.
சின்னக் குழாய்கள். கனகாலப் பிரஷர்."
ஒன்று ஒரு கொட்டாவிக்குள் வந்திருக்கலாம்.
ஒன்று, மகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டு
எல்லாரும் சிரித்த அந்த வருசப் பிறப்பில்.
நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமைகளில்
எண்பது கைகளுக்குப் பட்டி கட்டுகிறவள் நான்.
கருவாட்டைக் குறையுங்க கா,
குளிசையை விடாதீங்க,
சுகம் எண்டு நினைச்சு விட்டிராதீங்க.
எண்பது கொப்பிகளில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால்
அவர் சோற்றுக்கு முன்னால்.
"கைய நீட்டுங்க."
"மறுகா பாப்பம் நவமணி."
ஒருநாள் மட்டும் பிடித்துக் கட்டினேன்.
நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்றுப் பன்னிரண்டு.
"எண்ட பஸ்ஸே அவ்வளவு ஓடாதே" என்றார்.
ஒரு மாதம் குளிசை போட்டார்.
தலையிடி இல்லாதவனுக்கு என்னத்துக்கு என்று
அதையும் வைத்துவிட்டார்
மீசைக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில்.
எண்பத்தோராவது கொப்பியை
நான் வாங்கவேயில்லை.

இது சறுக்கிக்கொண்டு போகிற வருத்தமில்லை,
படி படியாய் இறங்கும் என்றார் டொக்டர்.
ஒரு படியில் கனநாள் நிற்கவும் செய்யும்.
"நிக்க வைக்கிறதுதான் நம்மட வேலை."
போன நிறுத்தங்களைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது காலை ஆறு மணிக்கு
திரும்பி வந்த அந்தக் கையைத் தானே நீட்டுகிறார்.
நூற்று முப்பத்திரண்டு.
நேற்று எவ்வளவு என்று கேட்கமாட்டார்.
கொப்பியில் இருக்கிறது.

நேற்று சப்ரி வந்தான்.
பஸ்ஸை வாசலில் விட்டுவிட்டு
அண்ணனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.
நாற்பத்தொரு வயது. வெற்றிலை. கழுத்தெல்லாம் வியர்வை.
"இஞ்ச, கைய நீட்டு."
"மறுகா பாப்பம் அக்கா, சனம் இருக்கு பஸ்ஸில."

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.
பிடித்தபடியே கதிரையில் இருத்தினேன்.
காற்று ஏறியது, முள் ஏறியது,
நூற்று அறுபதில் தொடங்கியது
அந்தத் தட்டல், என் காதுக்குள்.

வெளியே ஹோன். திரும்பவும் ஹோன்.
மூலைக் கதிரையிலிருந்து அவர்
பழைய குரலில் கேட்டார்:
"இறக்கம் இருக்கா?"

"இருக்கு. நிக்கட்டும்" என்றேன்.
பட்டியை இன்னொருதரம் ஊதினேன்.